நடுவில் நிற்பவன்

இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு அம்மா போயிருக்கிறாள். இந்த அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில். "மீன வெட்டி வாங்கிட்டு வந்துருவேன் மக்ளே, எங்கயும் போவாத, என்னா?" நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். தள்ளுவண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விட்டால் அது தானாகப் போய்விடும் என்பதுபோல. வண்டியில் முருங்கைக்காய் இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, ஒரு பாக்கெட் அப்பளம். மேலே ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும், அதற்காகத்தான் கடைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி, தொப்பி. ஹூஸ்டனில் இந்தியக் கடைகள் எத்தனையோ இருக்கின்றன, அம்மாவுக்கு இந்தக் கடைதான், இங்கேதான் மீனைத் தலையோடு தருவார்களாம். பெருங்காயமும் ஊதுபத்தியும் மீனும் சேர்ந்த வாடை. ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், என்னைப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போகிறாள். நான் நின்றால் வழி அடைபட்டுவிடும். ஒதுங்கலாம். ஆனால் இங்கேயே நில் என்றாள். அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. அந்தக் கையோடு மீன் பையை எப்படித் தூக்குவாள், நான் கூடப் போயிருக்க வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். அப்படித்தான் சொன்னாள். ஈரத் தரை, வயசும் ஆகிவிட்டது, வழுக்கி விழுந்து... அங்கே ஏதோ தடுக்குகிறது, சட்டையில் முள் மாட்டிக்கொண்டதுபோல. இழுத்தால் கிழியும். விட்டுவிடுகிறேன்.

நின்று பழக்கப்பட்டவன்தான் நான். நிற்பதுதான் என் தொழில். நாகர்கோவிலில் இருக்கிற பெரியம்மாவுக்கு அம்மா ஒரு தடவை ஃபோனில் விளக்கிக்கொண்டிருந்தாள்: "ஃபுட்பாலுன்னா நம்ம ஊரு ஃபுட்பாலு இல்லக்கா. இங்க பந்தக் கையில இடுக்கிக்கிட்டு ஓடுவானுவ. இவன் நடுவுல நின்னு அவனுவள மறிச்சுத் தள்ளி விழத்தட்டணும். லைன்பேக்கர்னு பேரு." பெரியம்மா அந்தப் பக்கம் கேட்டது எனக்கும் கேட்டது: "இதுக்கா அவன அமெரிக்கா கொண்டு போனிய?" நடுவில் நிற்பவன். எனக்கு முன்னால் மலை மாதிரி நாலு பேர், எனக்குப் பின்னால் வெட்டவெளி. எதிர்வரிசைக்காரன் குனிந்து கையைத் தரையில் ஊன்றியிருப்பான். விரல் கணு வெளுத்திருந்தால் பாரத்தைக் கையில் வைத்திருக்கிறான், முன்னால் பாயப் போகிறான். வெளுக்காமல் இருந்தால் பின்னால் எடுத்து வைப்பான். அதைப் பார்த்த உடனே கத்துவேன். அரங்கம் முழுக்க அலறிக்கொண்டிருக்கும்போது என் குரல் என் ஆட்கள் பத்துப் பேருக்கும் கேட்கும். நீ இடது பக்கம் நகரு, நீ பின்னால் போ, நீ என்னோடு வா. சொன்ன இடத்தில் நிற்பார்கள். இப்போது நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. மீன். அம்மா மீன் வாங்கப் போயிருக்கிறாள். அன்றைக்குக் கத்தியதில் ஒரு வார்த்தைகூட இப்போது வாயில் வராது. இங்கிலீஷ்தான் முதலில் கழன்று போகிறது. ஏழு வயதில் விமானத்தில் என்னோடு ஏறி வந்த தமிழ் மட்டும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் ஒரு மிருகத்தின் படத்தைக் காட்டி இது என்ன என்றார். காண்டாமிருகம் என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். "கரெக்ட்தான் டாக்டர், கரெக்ட்டாத்தான் சொல்லுறான்" என்று அம்மா அவரிடம் தமிழிலேயே சொல்லி அழுதாள்.

அப்பா இருந்திருந்தால் அழுதிருக்க மாட்டார், டாக்டரோடு சண்டைக்குப் போயிருப்பார். அப்பா குழித்துறையில் கணக்கு வாத்தியார். அம்மாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து, எங்களைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தவருக்கு காப்பியும் விற்கிற ஒரு பெட்ரோல் பங்க் கடையில் கல்லாவில் நிற்கிற வேலைதான் கிடைத்தது. தங்கையா என்கிற அவர் பேரை ஒருத்தனுக்கும் சொல்ல வராது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு சாயங்காலம் ஒருத்தன் காப்பி ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லி, கோப்பையை எடுத்து அப்படியே அவர் முகத்தில் ஊற்றிவிட்டுப் போனான். அவசரம் இல்லாமல், நிதானமாக. போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினான். அப்பா சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்து, "சூடு இல்ல மக்கா" என்றார். அப்புறம் நான் வளர்ந்தேன், அம்மா வியக்கும்படி வளர்ந்தேன், பள்ளிக்கூட டீமில் சேர்த்தார்கள், முதல் ஆட்டத்தில் என்னைவிடப் பெரிய பையன் ஒருவன் பந்தை இடுக்கிக்கொண்டு வந்தபோது நான் தோளைத் தாழ்த்தி அவன் நெஞ்சுக்குள் நுழைந்தேன். அவன் கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. நான் நிமிர்ந்து பார்த்தால், மேலே பலகை வரிசையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அப்பா மட்டும் எழுந்து நிற்கிறார். வீட்டுக்குப் போகிற வழியில் கார் ஓட்டிக்கொண்டே கேட்டார், "அவன் எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆச்சு, பாத்தியா?" அவர் முகம் அப்படி இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நான் விழத்தட்டிய ஒவ்வொருவன் கையிலும் ஒரு காப்பிக் கோப்பை இருந்தது. அம்மா பார்க்க வரமாட்டாள். உள்ளறையில் முழங்காலில் நின்றுகொண்டிருப்பாள், "யாருக்கும் ஒண்ணும் ஆவப்பிடாது ஆண்டவரே." யாருக்கும் என்றால் அந்தப் பக்கத்துக்காரனுக்கும். "நம்ம பயலுக்கு மட்டும் ஜெபி, போதும்" என்பார் அப்பா.

அம்மா எங்கே? மீன். மீன் வாங்க. மணி என்ன ஆகிறது தெரியவில்லை. குளிர்பெட்டிகள் ஒரே மாதிரி உறுமிக்கொண்டிருக்கின்றன. வடக்கே பனி பெய்கிற ஊரில் நான் சம்பளத்துக்கு ஆடிய டீம், அங்கே உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இப்படித்தான் ஏதோ ஒரு இயந்திரம் உறுமும், ஐஸ் தொட்டியில் இடுப்பு வரைக்கும் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். டி.வி.யில் என்னைக் காட்டினார்கள். ஒரு டிசம்பரில், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில், ஒரே ஆளை அடுத்தடுத்து மூன்று தடவை ஒரு அடிகூட நகர விடாமல் நிறுத்தினேன், பனியில் எங்கள் மூச்சு இரண்டும் ஒன்றாகப் புகைந்தது, அந்த ராத்திரி ஊரே என் சட்டை முதுகில் இருந்த அப்பா பேரை ஒழுங்காகச் சொன்னது. தங்கையா. தங்கையா. அதுவும் உண்மைதான். இல்லை என்று இப்போது சொல்ல மாட்டேன். தலை மோதும்போது சத்தம் கேட்காது. வெள்ளையாக ஒன்று வரும், ஒரு துணியை உதறி விரிப்பதுபோல, அது கீழே இறங்குவதற்குள் எழுந்துவிட வேண்டும், எழுந்துவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சீசன் தொடங்குவதற்கு முன்னால் எங்களை கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து ஞாபகசக்தி பரீட்சை வைப்பார்கள். பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. நாங்கள் எல்லோரும் முதல் பரீட்சையிலேயே வேண்டுமென்று தப்பாக எழுதுவோம். அப்போதுதான் அடிபட்ட பிறகும் அதே மதிப்பெண் வரும், ஆட விடுவார்கள். பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்து கண்ணடித்துக்கொண்டே எழுதுவோம். முட்டாளாக நடிப்பது அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. இப்போது நடிக்க வேண்டியதில்லை. ஒரு ஆட்டத்தில் விழுந்து எழுந்து நேராக நடந்து போய் பெஞ்சில் உட்கார்ந்தேன், பக்கத்தில் இருந்தவன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான், குடித்தேன், அப்புறம்தான் அவன் போட்டிருந்த சட்டையின் நிறத்தைப் பார்த்தேன். எதிர் டீமின் பெஞ்ச். அவன் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். நாடே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா ஃபோன் செய்தாள். அந்த ஒரு ஆட்டத்தைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். "நீ எதுக்கு மக்ளே அந்தப் பயலுவகூடப் போய் இருந்த?" சும்மா ஒரு தமாஷுக்கு என்றேன். நர்ஸ் அல்லவா, விடவில்லை. "வாந்தி வந்துச்சா? வெளிச்சம் கண்ணக் குத்துதா?" இல்லம்மா. "அப்பாட்ட குடுக்கட்டா?" அப்பா வாங்கி, "அடுத்த வாரம் யாருகூட ஆட்டம்?" என்றார். அடுத்த வாரம் ஆடினேன். அப்பா செத்த வாரமும் ஆடினேன். முழங்கால் போன பிறகும் ஊசி போட்டுக்கொண்டு ஆடினேன். பிறகு ஒரு காலையில் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து, கோச் கூப்பிடுகிறார் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவ்வளவுதான், டீமில் இனி நான் இல்லை. நான் கைகொடுத்துவிட்டு வெளியே வந்து, காரை எங்கே நிறுத்தினேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். வெகு நேரம். வருத்தத்தில் அப்படி என்று நினைத்தேன்.

வருத்தம் இல்லை அது. பால் வாங்கப் போய் பக்கத்து ஊரில் நின்றேன். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுத் தூங்கினேன். பியூலா அக்கா டல்லாஸில் இருந்து வந்து என் வீட்டைப் பூட்டி, என்னை அம்மாவிடம் கொண்டுவந்து விட்டாள். இப்போது அக்கா வேறு ஒன்று சொல்கிறாள். அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், மாவுக்கட்டுக் கையால் காதில் வைத்துக்கொள்ள முடியாது. நான் தூங்குகிறேன் என்று நினைத்துப் பேசினார்கள். "எங்க வீட்டுப் பக்கம்தாம்மா அந்த எடம். அவன மாதிரி ஆளுங்க இருக்காங்க. பாத்துக்க ஆம்பள நர்ஸ் இருக்காங்க. நான் தெனமும் போய்ப் பாப்பேன்." அம்மா, "எம்பிள்ளைய நான் பாப்பேன்" என்றாள். "எப்படிம்மா பாப்ப? இந்தத் தடவ கை. அடுத்த தடவ கழுத்தா இருக்கும்." அம்மா ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசவில்லை? வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாமே. அக்காவிடம் சொல்லியிருக்கலாமே, ஈரத் தரை என்று. மறுபடியும் அந்த முள். நான் புரண்டு படுத்தேன். காலையில் அக்கா சொன்ன இடத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன், காலையில் கேட்டேனா, கேட்டிருப்பேன், கேட்டு அவள் பேச்சை மாற்றியிருப்பாள், இல்லை, கேட்கவில்லை.

அவள் போய்விட்டாளா? மீன்கடைப் பக்கம் வழி எது? அவள் இன்றைக்கு என்ன சேலை கட்டியிருக்கிறாள்? சேலையா சுடிதாரா? இங்கே வயதான பெண்கள் எல்லோருக்கும் ஒரே நரை, ஒரே ஸ்வெட்டர். ஒருத்தி திரும்பினாள், அம்மா இல்லை. இன்னொருத்தி. போய்த் தேடினால் அவள் வந்து பார்க்கும்போது நான் இருக்க மாட்டேன். தேடாவிட்டால். கத்தலாம், என் குரல் கேட்கும், ஆனால் நாற்பது வயதை நெருங்குகிறவன் கடைக்குள் நின்று அம்மா என்று. யாரோ பக்கத்தில் வந்து பேசுகிறார். "ஏனுங்க, நீங்க செல்வின் தங்கையாதானுங்களே?" கோயம்புத்தூர்ப் பேச்சு. கம்பெனி பேர் போட்ட சட்டை, சிரித்த முகம். ஆமாம் என்றேன். "அட சாமி! நம்மாளு ஒருத்தரு அங்க நின்னு வெள்ளக்காரன அடிச்சு உருட்டறாருன்னு ஆபீஸ்ல எல்லாத்துக்கும் காட்டுவனுங்க. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?" நல்ல மனுஷர். தலையை ஆட்டினேன். ஃபோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார், பக்கத்தில் இல்லை, பின்னால், எட்டாமல் எக்கி என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். அப்புறம் நான் இல்லை. என் இடுப்பு சுழன்றது. தோள் தாழ்ந்தது. அரிசி மூட்டை ஒன்று வெடித்து காலடியில் அரிசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூட்டைகள்மேல் மல்லாந்திருந்தார், அவர் சட்டையை ஒரு கை கொத்தாகப் பிடித்திருந்தது, அந்தக் கை என் தோளில் முடிந்தது. விடு என்று அதற்குச் சொன்னேன். அது கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். விரல்கள் ஒவ்வொன்றாக, வேண்டா வெறுப்பாகப் பிரிந்தன. அவர் எழுந்து அரிசியைத் தட்டிக்கொண்டார், முகம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு சிரித்தார். "செம! செமைங்க! இன்னொருக்கா பண்ணுங்களேன், வீடியோ எடுத்துக்கறனுங்க." என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சிரிப்பு மெல்ல நின்றது. "பரவால்லீங்க," என்றார். "பரவால்லீங்க," என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கியே நடந்து போனார், எனக்கு முதுகைக் காட்டாமல்.

அப்போது அம்மாவின் குரல் கேட்கிறது. தூரத்திலிருந்து, பருப்பு வரிசை முடிகிற இடத்திலிருந்து. "செல்வின், அம்மா வாறேன் மக்ளே. ஒனக்கு முன்னால வாறேன். பாரு, நான்தான்." ஏன் இப்படிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள்? வீட்டில்கூட இப்படித்தான், அடுக்களைக்குள் வருவதற்கு முன் வாசலில் நின்று, அம்மா வாறேன் என்பாள். முன்பெல்லாம் இப்படி இல்லை. முன்பெல்லாம் பின்னால் வந்து முதுகில் ஒரு தட்டு தட்டி, தள்ளு மக்ளே, என்பாள். எப்போதிருந்து? மாவுக்கட்டுப் போட்டதிலிருந்து. முள் இழுக்கிறது, இழுக்கட்டும், கிழியட்டும். காலை நேரம். அடுப்பில் கடலை வேகிறது. நான் ஜன்னலைப் பார்த்து நிற்கிறேன், எதற்கென்று தெரியாமல். புட்டுக்குடம் எடுக்க அவள் எனக்குப் பின்னால் வந்திருக்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கிறது, அதே நொடி முதுகில் ஒரு கை படுகிறது. ஒரு மணிக்கட்டு என் கைக்குள் வந்தது, சின்னது, சுள்ளி மாதிரி, அதைப் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளிக்கொண்டே போனேன், குளிர்பெட்டி தடுத்தது. பச்சை மட்டை முறிகிற சத்தம். அவள் அலறவில்லை. மெதுவாகச் சொன்னாள், பிள்ளையைத் தூங்க வைக்கிற குரலில், "விடு மக்ளே. அம்மாதான். அம்மாதான்." நான் விட்டேன். விட்டுவிட்டுத் தரையில் பந்தைத் தேடினேன். மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன். அம்மா கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளிர்பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், நான் பந்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்ன மக்ளே இது, அரிசியெல்லாம் கொட்டிக் கெடக்கு?" அம்மா வந்துவிட்டாள். நீலச் சேலை. இடது கையில் மீன் பை. கண்கள் அரிசியைப் பார்த்துவிட்டு என் கைகளைப் பார்க்கின்றன.

"யாருக்கும் அடிபடல."

"சரி. வா, கடையில சொல்லிட்டு வெளிய போவோம்."

"அம்மா, அக்கா சொன்ன எடத்துக்கு நான் போறேன்."

அவள் மீன் பையை வண்டியில் வைக்கிறாள். முருங்கைக்காயை ஒதுக்குகிறாள். "என்ன எடம்? ஒரு எடமும் இல்ல."

"ஒன் கைய நான்தான் ஒடச்சேன்."

"நான் குளியலறையில வழுக்கி..."

"குக்கர் விசில் அடிச்சுது. குளிர்பெட்டி கிட்ட வச்சு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். எவ்வளவு சின்ன உருவம். இந்த உருவத்துக்குள் இருந்தா நான் வந்தேன்.

"தெரியாம நடந்தது மக்ளே. அது நீ இல்ல."

"வேற யாரும்மா? ஒன் வீட்டுல வேற யாரு இருக்கா?"

"மெதுவாப் பேசு. வீட்டுல போய்ப் பேசலாம், மீன் கெட்டுரும்."

"வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துருவேன். இப்பவே அக்காவுக்கு ஃபோன் போடு. நாளைக்கு நீ கேட்டா நான் போவமாட்டேன்னு சொல்லுவேன். அழுவேன். அப்ப நான் சொல்லுறத நீ கேக்காத. இப்ப சொல்லுறத மட்டும் கேளு."

அம்மா இடது கையால் தோள்பையைத் துழாவுகிறாள், ஃபோன் வருவதற்கு வெகு நேரம் ஆகிறது, நான் உதவிக்குக் கையை நீட்டவில்லை. ஸ்பீக்கரில் போடுகிறாள். மணி போகிறது. "அம்மா?" என்கிறாள் பியூலா அக்கா.

"அக்கா, செல்வின் பேசுறேன். நான் அங்க வாறேன். என்னக் கூட்டிட்டுப் போ."

அக்கா குரலைத் தாழ்த்துகிறாள். "அம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல. நான்தான். இன்னைக்கே வா, அக்கா. சனிக்கிழமைக்குன்னு வைக்காத."

"அம்மாட்ட குடு."

அம்மா ஃபோனை வாயருகே கொண்டுபோகிறாள். இல்லை என்று சொல்லப் போகிறாள், எனக்குத் தெரியும், அப்படி ஒரு மூச்சை இழுக்கிறாள். அந்த மூச்சு பாதியில் நிற்கிறது. "அவன் சொல்லுறது சரிதான்," என்கிறாள் அம்மா. "நீ வா மக்ளே. வண்டிய மெதுவா ஓட்டிட்டு வா." ஃபோனை அணைக்கத் தெரியாமல் அப்படியே பிடித்திருக்கிறாள், அக்கா அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அம்மா அரிசி மூட்டைகளின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தோள்கள் குலுங்குகின்றன. அந்தத் தோளை ஒரு தடவை தொடலாம், மெதுவாக, ஒரே ஒரு விரலால் தொடலாம். நான் வண்டியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இழுத்து நிறுத்திவிட்டு, ஒரு அடி பின்னால் போய் நிற்கிறேன்.